பதினோரு பேர் காத்திருந்த ஓய்வு

எவரிஸ்தோ லாந்தேரோ எப்போது ஓய்வு பெறுவார் என்று நாங்கள் பதினோரு பேர் காத்திருந்தோம். வரிசையில் முதல் ஆள் நான். எட்டு வருஷம் காத்திருந்தேன். மனிதர் மேல் எனக்குப் பகை ஒன்றும் கிடையாது. அவருடைய மகள் நெரெய்தாவுக்கு ஞானத்தகப்பன் நான்; அவளுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிய நாள் முதல் நானும் அவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். ஆனாலும் காலையில் அவர் கம்ப்ரெசர் கொட்டகைக்குள் நுழையும்போது, 'வந்துட்டாருய்யா இன்னைக்கும்' என்று என் வயிறு எரியும். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

எங்கள் தபாஸ்கோ மாநிலத்தில் அரசு எண்ணெய் நிறுவனத்து நிரந்தர வேலையை யாரும் வேலை என்று சொல்வதில்லை. 'இடம்' என்போம். இடம் இருக்கிறவனுக்குப் பெண் கொடுப்பார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு நிறுவனத்தின் ஆஸ்பத்திரி உண்டு, பெற்றவர்களுக்கும் உண்டு. செத்தால் சவப்பெட்டி கூட உண்டு. அந்த இடம் அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும். நேராகப் போகாது. சீனியாரிட்டி ஏணியின் உச்சியில் இருப்பவர் ஓய்வு பெற்றால் அடுத்தவன் அவர் படிக்கு ஏறுவான், அவன் படிக்கு அவனுக்கு அடுத்தவன் ஏறுவான், இப்படியே இறங்கி வந்து கடைசிப் படி காலியாகும். அங்கே ஓய்வு பெற்றவருடைய பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒருத்தர் எழுந்தால் பன்னிரண்டு வீட்டில் விருந்து. எழுந்திருக்காவிட்டால் பன்னிரண்டு வீடும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அதனால் எவரிஸ்தோவை நாங்கள் புது மாப்பிள்ளையைக் கவனிப்பதுபோலக் கவனித்தோம். ஒருத்தன் வீட்டிலிருந்து சுரைக்குடுவையில் பொசோல் வரும், சோளமாவும் கொக்கோவும் கரைத்து, ஐஸ் போட்டு. ஒருத்தன் ஆற்றில் பிடித்த மீனைச் சுட்டுக் கொண்டுவருவான். ஐந்தாம் படிக்காரன் ஒரு பன்றிக்குட்டியை வாங்கிக் கயிறு கட்டி இழுத்துவந்து, இது உங்கள் பிரிவு விருந்துக்கு என்று காட்டினான். குட்டி வளர்ந்தது, பெருத்தது, நடக்க முடியாமல் படுத்தது. எவரிஸ்தோ எழுந்திருக்கவில்லை. கடைசியில் அதை யாருடைய கல்யாணத்திலோ வெட்டினார்கள். எவரிஸ்தோ அங்கேயும் வந்து இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, கறி கொஞ்சம் முற்றல் என்றார்.

அவர் எதற்காக உட்கார்ந்திருந்தார் என்றால், ஒரு பதக்கத்துக்காக. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு, மார்ச் பதினெட்டில் நாட்டு எண்ணெயை வெளிநாட்டுக் கம்பெனிகளிடமிருந்து அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது. அந்தக் கம்பெனிகளுக்குக் கொடுக்க வேண்டிய ஈட்டுப் பணத்தை அடைக்க ஊர் ஊராக நிதி திரட்டியபோது எவரிஸ்தோவின் அப்பா இரண்டு வான்கோழிகளைக் கொடுத்தாராம். பிறகு அதே நிறுவனத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, மார்ச் பதினெட்டு விழாவில், பாண்டு வாத்தியம் முழங்க, பதக்கம் வாங்கிக்கொண்டு இறங்கினார். எவரிஸ்தோ சேர்ந்தது எண்பத்தொன்றில். அவருக்கும் முப்பத்தைந்து வருஷம் முடிய வேண்டும். அதுவும் மார்ச் பதினெட்டில்தான் இறங்க வேண்டும். இருபதாம் தேதி என்றால்கூட ஒப்புக்கொள்ள மாட்டார். ஓய்வூதியத்தில் இதனால் ஒரு காசு கூடப்போவதில்லை. எங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் இப்படி ஒரு கிறுக்கைப் பார்க்க முடியாது.

அவர் இப்படி உட்கார்ந்திருக்க, நெரெய்தா ஒன்பது வருஷமாகத் தற்காலிகத் தொழிலாளி. இருபத்தெட்டு நாள் ஒப்பந்தம். முடிந்ததும் அடுத்ததற்காகத் தொழிற்சங்க அலுவலக வாசலில் போய் நிற்பாள். அவளுக்கு அப்போது வயது முப்பத்தொன்று. புருஷன் வடக்கே எல்லைப்பக்கம் போனவன் திரும்பவில்லை. கைக்குழந்தைக்கு மூச்சிரைப்பு. ஒப்பந்தம் ஓடுகிற நாட்களில் மட்டும் ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்ப்பார்கள். அதற்கும் அசராமல் அவள் தமாஷ் பண்ணுவாள்: "எம் பிள்ளைக்கு இருபத்தெட்டு நாள்தான் மாமா மூச்சு முட்டலாம். இருபத்தொன்பதாம் நாள் முட்டக் கூடாது."

இரண்டாயிரத்துப் பதின்மூன்று டிசம்பரில் தலைநகரத்தில் அரசியல் சாசனத்தைத் திருத்தினார்கள். மண்ணுக்குள் இருக்கும் எண்ணெயும் வாயுவும் தேசத்துக்குச் சொந்தம், அதை எடுக்கும் வேலை அரசாங்கத்துக்கு மட்டும்தான் என்று நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்த இருபத்தேழாவது பிரிவைத்தான். இனி தனியாரோடும் ஒப்பந்தம் போடலாம். உண்டியலை உடைத்துக் கோழி கொடுத்து வாங்கிய சொத்தை யாரோ பேனாவால் கிழிக்கிறார்கள் என்றுதான் எங்களுக்குப் பட்டது. கேன்டீன் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் மேடையேறி, தேசத்தை இப்படித்தான் உரிக்கிறீர்கள் என்பதுபோலச் சட்டை கால்சட்டையெல்லாம் கழற்றி, உள்ளாடையோடு நின்று பேசினார். வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்து பார்த்தோம். அவர் உரித்தும் ஒன்றும் ஆகவில்லை, தீர்மானம் நிறைவேறியது. மாநிலச் சட்டசபைகளில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்கு மாசக் கணக்காகும் என்றார் எங்கள் சங்கப் பிரதிநிதி கிரிசோஃபோரோ. நாலைந்து நாளில் வேண்டிய எண்ணிக்கை சேர்ந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் சட்டமும் ஆகிவிட்டது.

நான் அன்று நடுங்கிப்போனேன். எவரிஸ்தோ நடுங்கவில்லை. பல்குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "இருவத்தேழாவது பிரிவு மண்ணுக்குக் கீழ இருக்கறதப் பத்தி, கொம்பாத்ரே. என் இடம் மண்ணுக்கு மேல இருக்கு."

சிரித்துவிட்டோம். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். பதினோரு பேரில் ஒருத்தனாவது எழுந்து நின்று அந்த மனிதரைத் திட்டியிருக்க வேண்டும்.

ஜனவரியில் நானும் என் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனோம். காற்று மாறிவிட்டது, இப்போதே விண்ணப்பம் கொடுங்கள், நெரெய்தாவை உள்ளே ஏற்றிவிடலாம் என்று கெஞ்சினோம். அவர் மனைவி அதெல்ஃபா எங்கள் கட்சி. கரண்டியைச் சட்டியில் ஓங்கி அடித்துவிட்டு, இந்த ஆளுக்குப் பெற்ற பிள்ளையைவிட நெஞ்சில் குத்துகிற தகரம் பெரிசு என்றாள். எவரிஸ்தோ அமைதியாகக் கேட்டார். இன்னும் இரண்டே வருஷம், இரண்டாயிரத்துப் பதினாறு மார்ச்சில் பதக்கமும் வந்துவிடும், பிள்ளைக்கு இடமும் வந்துவிடும் என்றார். சாசனத்தையே மாற்றிவிட்டார்களே என்று நான் கத்தினேன். சாசனத்தை மாற்றலாம், சங்கத்து ஏணியை எவன் மாற்றுவான் என்றார். அவரைப் பொறுத்தவரை சாசனத்துக்கும் மேலே ஒன்று இருந்தது, அது எங்கள் சீனியாரிட்டிப் பட்டியல்.

அடுத்த இரண்டு வருஷம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. எண்ணெய் விலை விழுந்தது. பக்கத்துக் கிணறுகளில் தனியார் பெயர்ப்பலகை ஏறியது. ஆரஞ்சு நிற உடுப்பில் புது ஆட்கள் வந்து வேலியோரம் நின்று அளவெடுத்தார்கள். இரண்டாயிரத்துப் பதினைந்து நவம்பரில் தற்காலிகத் தொழிலாளிகளுக்கு ஒப்பந்தம் தருவது நின்றது. நெரெய்தா வாசலில் போய் நின்றாள், திரும்பி வந்தாள், மறுபடி போய் நின்றாள். டிசம்பரில் குழந்தைக்கு ஒரு சாயங்காலம் உதடு நீலம் பாரித்தது. நிறுவனத்தின் ஆஸ்பத்திரிக் கவுன்டரில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். எவரிஸ்தோ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பேத்தி என்று எவ்வளவோ சொல்லியும் சட்டத்தில் பேத்திக்கு இடமில்லை. தனியார் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தை பிழைத்தது.

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் நாள். எங்கள் பிரிவில் எப்போதும்போல வளைய ரொட்டி வெட்டினோம். ரொட்டிக்குள் ஒளித்து வைத்த குழந்தை இயேசு பொம்மை யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி, மெழுகுவர்த்தித் திருநாளில், எல்லோருக்கும் தமால், அதாவது வாழையிலையில் மடித்து வேகவைத்த கறிக் கொழுக்கட்டை, போட வேண்டும். தப்பிக்க முடியாது; பொம்மையை விழுங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவனைக்கூட விட்டதில்லை. அந்த வருஷம் பொம்மை எவரிஸ்தோவின் பல்லில் மாட்டியது. கொட்டகையே கைதட்டியது. அவர் அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என்னைக் கைபிடித்துக் கம்ப்ரெசருக்குப் பின்னால் கூட்டிப்போனார். உள்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். ஓய்வு விண்ணப்பம். கையெழுத்துப் போட்டிருந்தது. பிள்ளையின் பெயர் எழுதும் கட்டத்தில் 'நெரெய்தா லாந்தேரோ' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

"பதக்கம் வேண்டாம், கொம்பாத்ரே," என்றார். "கொழந்த ஒதடு நீலமாச்சு. நான் பாத்தேன். நாளைக்கே கொண்டுபோய்க் கிரிசோஃபோரோகிட்ட குடுத்துரு."

எட்டு வருஷமாக நான் கனவில் பார்த்த காகிதம் என் கையில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே, கையில் ரொட்டித்தூளோடு ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? என் புத்தி எங்கே போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. எட்டு வருஷம் காத்திருந்தது இப்படி ஒரு சாதாரண வியாழக்கிழமையில், ஒரு மேஜையில் நீட்டிக் கொடுத்துவிட்டு வருவதற்கா என்று தோன்றியது. நான் ஒரு படி ஏறுவதை நாலு பேர் பார்க்க வேண்டாமா?

அதனால் சொன்னேன். இந்த வாயால் நான்தான் சொன்னேன்:

"அவசரம் என்ன, கொம்பாத்ரே? பொம்ம உனக்கு வந்திருக்கு. எப்படியும் ரெண்டாம் தேதி தமால் போடப்போற. பிரிவு விருந்தும் அன்னைக்கே வச்சிருவோம். கிரிசோஃபோரோவக் கூப்பிடுவோம். எல்லாரும் பாக்க அவர் கையில குடு. பதக்கம் இல்லாட்டியும் கைதட்டலாவது கெடைக்கட்டும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பதக்கத்தை விட்ட மனிதருக்கு நான் ஒரு விழாவைக் காட்டினேன். இருபத்தேழு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்றார், நானும் அதையே சொன்னேன். உறையை நீயே வைத்துக்கொள், என் வீட்டில் இருந்தால் அதெல்ஃபா இன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள் என்று சிரித்தார். அதை என் லாக்கரில் வைத்துப் பூட்டினேன். தினமும் உடுப்பு மாற்றும்போது அதைத் தொட்டுப் பார்ப்பேன். அறுபது பேரை அழைத்தேன்.

பிப்ரவரி ஒன்று, திங்கட்கிழமை. காலையில் அறிவிப்புப் பலகை முன்னால் கூட்டமாக நின்றார்கள். கால்பந்துப் பந்தயச் சீட்டுக்கும் மாதா படத்துக்கும் நடுவில் ஒரு சுற்றறிக்கை. செலவுக் குறைப்பு நடவடிக்கையாக, ஜனவரி முப்பத்தொன்றாம் தேதிக்குள் வந்து சேராத ஓய்வு விண்ணப்பங்களால் காலியாகும் இடங்கள் மறு உத்தரவு வரும்வரை நிரப்பப்பட மாட்டா. அவ்வளவுதான். கீழே ஒரு கையெழுத்து.

முதலில் படித்தபோது எழுத்து புரிந்தது, அர்த்தம் ஏறவில்லை. இரண்டாவது முறை படித்தபோது பக்கத்தில் நின்ற ஐந்தாம் படிக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். உறை என் லாக்கரில் இருப்பது அவனுக்குத் தெரியும். அவர்கள் எல்லோருக்குமே தெரியும். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

உறையை எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு ஓடினேன். கிரிசோஃபோரோ காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். ஜனவரி ஆறாம் தேதியே கையெழுத்துப் போட்டிருக்கிறது பாருங்கள் என்று விரலால் குத்திக் காட்டினேன்.

"கையெழுத்துத் தேதி கணக்கில்லப்பா," என்றார். "முத்திரத் தேதிதான் கணக்கு. முத்திர எங்க?"

நேற்று வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அவர் சட்டையைப் பிடித்தேன். எனக்கே காலையில்தான் தெரியும் என்று சத்தியம் செய்தார். மனிதர் முகம் வெளுத்திருந்தது. அவருடைய தம்பியும் அந்த வருஷம் இறங்குவதாக இருந்தான். பிறகு என் தோளைத் தட்டி, மறு உத்தரவு வரும்வரை என்றுதானே போட்டிருக்கிறான், ஆறு மாசத்தில் தளர்த்திவிடுவான், அதுவரை விண்ணப்பத்தைக் கொடுக்காமல் வைத்திரு, எவரிஸ்தோ எழுந்தால் இடம் அவரோடு செத்துப்போகும் என்றார்.

எவரிஸ்தோவின் வீட்டுக்கு நடந்தே போனேன். அன்று அவருக்கு விடுமுறை. முற்றத்தில் பெரிய அண்டாவில் மாவு பிசைந்து வைத்திருந்தார்கள். அதெல்ஃபா வாழையிலைகளை அனலில் வாட்டிக்கொண்டிருந்தாள். நெரெய்தா இலையில் மாவைப் பரப்பிக் கோழிக்கறி வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து மாவைத் தின்றுகொண்டிருந்தது. எவரிஸ்தோ, நாளைக்குப் போடப்போகிற வெள்ளைச் சட்டையை எனக்கு எடுத்துக் காட்டினார். நான் உறையை மேஜையில் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

அவர் பேயறைந்ததுபோல உட்கார்ந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அதெல்ஃபாவின் கையில் இருந்த இலை கருகியது, அவள் கவனிக்கவில்லை. நெரெய்தாதான் பேசினாள், தலையைத் தூக்காமல்.

"நாளைக்கு எத்தன பேரச் சொல்லியிருக்கீங்க, மாமா?"

"அறுவது பேரம்மா."

"பொம்ம அப்பாவுக்குத்தான வந்துச்சு. அப்ப அறுவது பேருக்கும் போட்டுத்தான ஆகணும்," என்று அடுத்த இலையை எடுத்து மாவைப் பரப்பினாள்.

மறுநாள் அறுபது பேரும் வந்தார்கள். வராமல் இருந்தால் இன்னும் கேவலம் என்று நினைத்திருப்பார்கள். அறுபது பேர் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் தமால் தின்ற விருந்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இலை பிரிக்கிற ஓசை மட்டும்தான் கேட்டது. கிரிசோஃபோரோ வாசல்படியிலேயே நின்று ஒன்று சாப்பிட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் படிக்காரன் போகும்போது என் காதருகில் குனிந்து, எட்டு வருஷத்தில் நீ செய்த ஒரே வேலை இதுதான் என்றான்.

மார்ச் பதினெட்டில் பாண்டு வாத்தியம் வாசித்தார்கள். எவரிஸ்தோவுக்கு முப்பத்தைந்து வருஷப் பதக்கம் குத்தினார்கள். ஆசைப்பட்ட பதக்கம் இப்போது தானாக வந்தது, வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. இறங்கி வந்ததும் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மதிய ஷிப்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. நான் எழுந்தால் இடம் செத்துவிடும், நான் உட்கார்ந்திருக்கும்வரை அது உயிரோடு இருக்கும் என்றார். மறு உத்தரவு வரட்டும் என்று பதினெட்டு மாசம் உட்கார்ந்திருந்தார். காய்ச்சலிலும் வந்தார். முழங்கால் வீங்கி, நடை பழகுகிற குழந்தை மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது. கம்ப்ரெசர் சத்தம் மாறுவதை முன்பெல்லாம் வாசலிலிருந்தே சொல்லிவிடுவார், இப்போது இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துத்தான் சொன்னார். முன்னால் அவர் எப்போது போவார் என்று பார்த்த நாங்கள், இப்போது அவர் விழுந்துவிடக் கூடாதே என்று அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தோம். நெரெய்தா நகரத்தில் ஒரு உதிரிபாகக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக எவரிஸ்தோ சொன்னார்.

மறு உத்தரவு வரவில்லை. இரண்டாயிரத்துப் பதினேழு செப்டம்பரில் எங்கள் கம்ப்ரெசர் கொட்டகையையே ஒரு தனியார் கம்பெனி நடத்தும் என்று காகிதம் வந்தது. நாலு பேரை மட்டும் மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டார்கள், அதில் நானும் ஒருத்தன். மீதிப் பேரை வேறு வேறு ஊருக்குச் சிதறடித்தார்கள். எவரிஸ்தோவைக் கட்டாய ஓய்வில் அனுப்பினார்கள். அவருடைய இடம் ரத்து. நாங்கள் நின்ற ஏணியே ரத்து. சாசனத்தில் ஒரு பிரிவில் சில வரிகளை மாற்றியபோது எங்களுக்குத் தலைக்கு மேல் ஏதோ நடக்கிறது என்றுதான் நினைத்தோம். அது நாலு வருஷம் நடந்து, தபாஸ்கோவுக்கு வந்து, எங்கள் கொட்டகைக் கதவைத் திறந்து, பன்னிரண்டு நாற்காலிகளையும் எண்ணும் என்று எவனுக்குத் தெரியும்?

அக்டோபரில் புது ஆட்கள் ஆரஞ்சு உடுப்பில் வந்தார்கள். எவரிஸ்தோவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஆள் தலைக்கவசத்தைக் கழற்றியதும்தான் யார் என்று தெரிந்தது. நெரெய்தா.

உதிரிபாகக் கடை எல்லாம் பொய். மே மாசத்திலிருந்தே அந்தக் கம்பெனியில் வேறு ஊரில் இருந்திருக்கிறாள். கம்ப்ரெசர் தெரிந்த ஆள் வேண்டும் என்று இங்கே அனுப்பிவிட்டார்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் மாமா, நானே நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். நிரந்தரத் தொழிலாளிக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு சம்பளம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தக் குடும்ப விஷயத்தில் என் வாயைத் திறந்து நான் என்ன கிழித்திருக்கிறேன்?

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் எவரிஸ்தோ வந்தார். லாக்கரில் அவர் சாமான்கள் அப்படியே கிடந்தன. முழங்கால் வலியால் அதுவரை வரமுடியவில்லை. வாசல் காவலாளி பழைய ஆள், வணக்கம் வைத்து உள்ளே விட்டுவிட்டான். நான் பார்க்கும்போது அவர் கொட்டகை நடுவில் நின்றுகொண்டிருந்தார். பத்தடி தூரத்தில், அவருடைய நாற்காலியில், அவருடைய மகள் உட்கார்ந்து அழுத்தமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

"வந்திருச்சா?" என்றார். ஒரு காது போனதால் குரல் கத்தலாக வந்தது. "உத்தரவு வந்திருச்சா? எனக்கு ஒருத்தனும் சொல்லல பாத்தியா, கொம்பாத்ரே. மாதாவே, எம் பிள்ள உக்காந்துட்டா."

நெரெய்தா எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவர் நொண்டிக்கொண்டு போய் அவள் இரண்டு கன்னத்தையும் பிடித்தார். ஆரஞ்சு உடுப்பை அவர் கவனிக்கவே இல்லை. நிறம் மாற்றிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார். நாளைக்கே குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் அட்டை வாங்கிவிட வேண்டும், தொழிலாளி எண் என்ன சொல், நான் மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"எண் இல்லப்பா," என்றாள்.

அவருக்குக் கேட்கவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கி அவர் கண் முன்னால் பிடித்தாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கம்பெனியின் பெயரைப் படித்தார். அவள் பெயரைப் படித்தார். அதன் கீழே, நவம்பர் பதினான்கு வரை செல்லும் என்று இருந்தது. அதை இரண்டு முறை படித்தார்.

"பதினாலுக்கு அப்புறம்?"

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ புதுசா எழுதுவாங்க. எழுதினா உண்டு."

"ஆஸ்பத்திரி?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள். இருபத்தெட்டு நாளாக இருந்தது இப்போது பதினைந்து நாளாகியிருக்கிறது. அவ்வளவுதான் அவள் ஏறிய ஏற்றம். எவரிஸ்தோ அவளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. ஏதோ சொல்லப்போனார்.

அதற்குள் வெளியே ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கம்பெனி மேற்பார்வையாளர் வரும் நேரம். அவர் காதில் அது விழவில்லை. நெரெய்தா அவர் கையைப் பிடித்தாள், நல்ல காதருகில் குனிந்து சொன்னாள்.

"அப்பா, வெளியாள் யாரும் உள்ள நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பாத்துட்டாங்கன்னா என்னத் திருப்பி எழுத மாட்டாங்க. போயிருங்கப்பா. பின்பக்கமா போயிருங்க."

முப்பத்தாறு வருஷம் அந்தக் கொட்டகையில் இருந்த மனிதர் தொப்பியை எடுத்துக் கண்வரை இறக்கிப் போட்டுக்கொண்டார். குனிந்து, சுவரோரமாக, வலிக்கிற முழங்காலோடு ஓட முயன்றபடி, யார் கண்ணிலும் படாமல் பின்வாசல் வழியாக வெளியேறினார். நெரெய்தா உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுத்தத்தை எழுதினாள். லாக்கர் சாமான்களை மறுநாள் நான்தான் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துப் போனேன். எவரிஸ்தோ கதவைத் திறந்தவுடன் கேட்டது ஒன்றுதான்:

"என்னைய யாரும் பாக்கலல்ல, கொம்பாத்ரே?"